பைத்தானில் 'தமிழ்' எத்தனை எழுத்து?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், த, மி, ழ் என்று விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். அதே கேள்வியைப் பைத்தான் கணினி மொழியிடம் கேட்டால் ஐந்து என்கிறது. பழைய பைத்தான் 2-இல் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சாதாரணச் சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்துக் கேட்டிருந்தால் 15 என்று சொல்லியிருக்கும்.

மூன்று விடைகளுமே அதனதன் கணக்கில் சரிதான். 15 என்பது நினைவகத்தில் பிடிக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை. ஐந்து என்பது யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை. யூனிகோடில் 'மி' என்று ஓர் எழுத்து கிடையாது. மகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. 'ழ்' என்பதும் ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஆக த, ம, கொக்கி, ழ, புள்ளி என ஐந்து. பைத்தானின் 'ஸ்டர்' வகைச் சரத்துக்கு நன்னூலும் தெரியாது, தொல்காப்பியமும் தெரியாது. தன்னிடம் வந்த குறிகளை எண்ணிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு நம் கணக்கைக் கற்றுக்கொடுக்க வழி இருக்கிறது. பைத்தானின் மூலநிரலில் கைவைக்க வேண்டியதில்லை. 'ஸ்பெஷல் மெத்தட்' என்று பெயர் பெற்ற சில செயற்கூறுகளை எழுதினால் போதும்.

பைத்தானில் நீளம் கேட்கப் பயன்படும் கட்டளை 'லென்'. இந்த லென் தானாக எதையும் எண்ணுவதில்லை என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி. அதனிடம் ஒரு பொருளைக் கொடுத்தால், அந்தப் பொருள் எந்தக் கிளாஸை, அதாவது எந்த வகையை, சேர்ந்தது என்று பார்க்கிறது. அந்தக் கிளாஸில் __லென்__ என்ற பெயரில் ஒரு மெத்தட் இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் அதை ஓடவிட்டு, வந்த எண்ணை நம்மிடம் கொடுக்கிறது. இல்லாவிட்டால் 'இந்தப் பொருளுக்கு நீளம் என்று ஒன்று கிடையாது' என்ற பொருளில் பிழைச் செய்தி வருகிறது. வந்த விடையை ஓரளவு சோதிக்கவும் செய்கிறது: மைனஸ் எண்ணோ, மூன்றரை போன்ற பின்னமோ வந்தால் ஏற்காது.

பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இருப்பதைக் கவனிக்கலாம். நிரலர்கள் பேச்சில் இவற்றை 'டண்டர்' மெத்தட்கள் என்பார்கள். இந்த வகைப் பெயர்கள் பைத்தானுக்கென ஒதுக்கப்பட்டவை. நாமாக ஒரு டண்டர் பெயரைப் புதிதாகக் கட்டிக்கொண்டால், நாளைக்கு ஒரு புதிய பதிப்பு அதே பெயருக்கு வேறு பொருள் கொடுத்து நம் நிரலை உடைக்கலாம். அதற்கு முன்னறிவிப்பு எதிர்பார்க்க முடியாது.

லென் மட்டுமல்ல. கூட்டல் குறி போட்டால் __ஆட்__, சமமா என்று கேட்டால் __ஈக்யூ__, சிறியதா என்று கேட்டால் __எல்டி__, சதுர அடைப்புக்குள் எண் கொடுத்து ஓர் உறுப்பைக் கேட்டால் __கெட்ஐட்டம்__, திரையில் அச்சிடச் சொன்னால் __எஸ்டிஆர்__. நிரலில் நாம் இடும் குறிகளில் பெரும்பாலானவை பொருளிடம் கேட்கப்படும் கேள்விகளே. பதில் சொல்வது அந்தப் பொருளின் கிளாஸை எழுதியவர் பொறுப்பு.

கீடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. பைத்தானின் கிளாஸ் அமைப்பு, சி++, மாடுலா-3 என்ற இரண்டு மொழிகளிலிருந்தும் எடுத்துக் கலந்தது. குறிகளுக்குப் புதுப் பொருள் கொடுக்கும் வசதி சி++-இல் ஏற்கெனவே இருந்தது. 1990-களின் நடுவில் வந்த ஜாவா இதற்கு நேர் எதிர்ப் பாதையில் போனது. குறிகளுக்கு ஆளாளுக்குப் பொருள் கொடுத்தால் நிரலைப் படிப்பவர் குழம்புவார் என்று சொல்லி அதன் வடிவமைப்பாளர்கள் இந்த வசதியை விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஜாவாவில் துல்லியமான பணக் கணக்குக்கு 'பிக்டெசிமல்' பயன்படுத்துவோர், இரண்டு தொகைகளைக் கூட்டல் குறியால் கூட்ட முடியாமல் 'ஆட்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஜாவாக்காரர்களின் பயம் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. அந்த இடத்துக்குப் பிறகு வரலாம்.

முதலில் நம் சொல்லைக் கவனிப்போம். பைத்தானின் சொந்தச் சரவகையின் __லென்__-ஐ மாற்ற முயன்றால் பைத்தான் அனுமதிக்காது. 'தமிழ்ச்சொல்' என்று புதிதாக ஒரு கிளாஸ் எழுத வேண்டும். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், கிளாஸின் பெயரையும் அப்படியே 'தமிழ்ச்சொல்' என்று எழுதிவிடலாம். மொழியின் கட்டளைச் சொற்களும் டண்டர் பெயர்களும்தான் ஆங்கிலத்தில் இருக்கும்.

பொருள் பிறக்கும்போது ஓடும் மெத்தட் __இனிட்__. அதில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும். விதி எளிது: வரும் குறி கொக்கியோ, காலோ, கொம்போ, புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்கு. பத்து வரிக்குள் முடிந்துவிடும். ('க்ஷ' ஓரெழுத்தா, ஈரெழுத்தா? 'ஸ்ரீ' என்ன கணக்கு? இதையெல்லாம் கணினி முடிவுசெய்யாது. கிளாஸ் எழுதுபவர்தான் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.) பிறகு __லென்__ என்ற மெத்தடில் அந்தப் பட்டியலின் நீளத்தைத் திருப்பித் தந்தால் வேலை முடிந்தது.

அடுத்து __கெட்ஐட்டம்__. 'எத்தனையாவது எழுத்து?' என்ற கேள்விக்கு அதே பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும். இந்த இரண்டு மெத்தட்களை எழுதியவுடன், எழுதாத பல வசதிகளும் கூடவே வந்துசேர்கின்றன. 'ஃபார்' வளையத்தில் எழுத்து எழுத்தாக நடந்து போகலாம், ஏனென்றால் __ஐட்டர்__ இல்லாத இடத்தில் பைத்தான் பூச்சியத்திலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு என்று __கெட்ஐட்டம்__-ஐயே கேட்டுக்கொண்டு போகும். ஓர் எழுத்து சொல்லில் இருக்கிறதா என்று 'இன்' கொண்டு கேட்கலாம். 'ரேண்டம்' லைப்ரரியைக் கொண்டு குலுக்கல் முறையில் ஓர் எழுத்தை எடுக்கலாம். 'ரிவர்ஸ்ட்' என்று கேட்டால் பின்னாலிருந்து வரிசையாக வரும்.

பின்னாலிருந்து வருவது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 'விகடகவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்று ஊருக்கே தெரியும். பைத்தானின் சாதாரணச் சரத்தில் இதைத் திருப்பினால் முதலில் ஓர் இகரக் கொக்கி அந்தரத்தில் நிற்கும், அதன் பின் வ, க, ட வரும், அடுத்த ககரத்தின் தலையில் இன்னொரு கொக்கி ஏறி அது 'கி' ஆகிவிடும், கடைசியில் வெறும் 'வ'. இரண்டும் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்லும். தமிழ்ச்சொல் கிளாஸில் அதே சொல்லைப் போட்டுத் திருப்பினால் வி, க, ட, க, வி. அதேபோல, 'வ' என்ற எழுத்து விகடகவியில் இருக்கிறதா என்றால் சாதாரணச் சரம் ஆமாம் என்கிறது. நம் கிளாஸ் இல்லை என்கிறது. இருப்பது 'வி' தானே!

சமமா என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. 'கோடு' என்ற சொல்லில் வரும் ஓகாரத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக. திரையில் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். பைத்தான் சரங்களாக ஒப்பிட்டால் 'வேறு வேறு' என்று வரும். தேடுபெட்டியில் சொல்லைத் தட்டுகிறோம், ஆவணத்தில் கண்ணெதிரே சொல் இருக்கிறது, ஆனாலும் 'கிடைக்கவில்லை' என்கிறது என்றால் அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். __ஈக்யூ__ மெத்தடில் இரண்டு சொற்களையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் பிரச்சினை தீரும்.

தீர்ந்தது என்று எழுந்துவிடக் கூடாது. __ஈக்யூ__ மட்டும் எழுதிய கிளாஸின் பொருளை ஒரு 'செட்'டில் போட முயன்றால், அல்லது டிக்‌ஷனரிக்குச் சாவியாகக் கொடுத்தால், பைத்தான் 3 மறுத்துவிடும். செட்டும் டிக்‌ஷனரியும் பொருள்களை வேகமாகத் தேடுவதற்கு 'ஹாஷ்' என்ற ஓர் எண்ணை நம்பியிருக்கின்றன. சமமான இரண்டு பொருள்களுக்கு அந்த எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். சமம் என்பதன் பொருளை நாம் மாற்றிவிட்டோம், ஹாஷை மாற்றவில்லை. தவறான விடை சொல்வதைவிட மறுப்பதே மேல் என்று பைத்தான் நிறுத்திக்கொள்கிறது. __ஹாஷ்__ மெத்தடையும் சேர்த்து எழுதினால் வழிவிடும். புதிதாகக் கற்பவர்கள் கட்டாயம் ஒருமுறையாவது இடறி விழும் இடம் இது.

அகரவரிசைக்கு __எல்டி__. பைத்தானின் பட்டியல் வரிசையாக்கம் இரண்டிரண்டு பொருள்களாக எடுத்து 'இது அதைவிடச் சிறியதா' என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'பனி'யும் 'பயணம்', 'பழம்', 'பறவை'யும் உள்ள பட்டியலைச் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் 'பனி' முதலில் வந்து நிற்கும். நம் அகராதியில் அது கடைசி. புள்ளிக்கோ அட்டவணையின் வால்பகுதியில் இடம். எனவே 'பகல்' முன்னே போய் 'பக்கம்' பின்னால் வரும். நம் அகராதிகளில் 'க்' முதலில், 'க' பிறகு. எழுத்துகளின் அகரவரிசையை ஒரு பட்டியலாக எழுதி வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் உள்ள இடத்தை __எல்டி__-யில் ஒப்பிட்டால் வரிசை சரியாகிவிடும். எழுத்துப் பிரிப்பு, வரிசையாக்கம் போன்ற வேலைகளுக்கு முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச லைப்ரரியும் இருக்கிறது; எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்பதில்லை.

சொற்களை விட்டு எண்களுக்கு வருவோம். கட்டட வேலையில் இன்றும் அடி, அங்குலம்தான் பேச்சு. ஐந்தடி எட்டு அங்குலத்தோடு மூன்றடி ஏழு அங்குலம் கூட்டினால் ஒன்பதடி மூன்று அங்குலம். 'அளவு' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதன் __ஆட்__ மெத்தடில் பன்னிரண்டு அங்குலம் ஓரடி என்ற கணக்கை வைத்துவிட்டால், நிரலில் வெறும் கூட்டல் குறி போட்டாலே விடை வரும். ஆனால் பத்து அளவுகளைப் பட்டியலில் வைத்து 'சம்' என்று மொத்தம் கேட்டால் பிழை வரும்! காரணம், சம் பூச்சியத்திலிருந்து கூட்டத் தொடங்குகிறது. முதல் கணக்கே 'பூச்சியம் கூட்டல் அளவு'. கேள்வி இடப்பக்கம் இருக்கும் பூச்சியத்திடம் போகிறது. முழு எண்ணுக்கு அடி அங்குலம் தெரியாது. எனவே அது 'நாட்இம்ப்ளிமென்டட்' என்ற ஒரு சிறப்பு மதிப்பைத் திருப்பித் தருகிறது. 'எனக்குத் தெரியாது, அவரைக் கேள்' என்று அதற்கு அர்த்தம். உடனே பைத்தான் வலப்பக்கப் பொருளிடம் __ஆர்ஆட்__ என்ற மெத்தட் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதை எழுதி, பூச்சியம் வந்தால் அளவை அப்படியே திருப்பித் தரச் சொன்னால் மொத்தம் கிடைக்கும். இருவருக்குமே தெரியாவிட்டால்தான் பிழைச் செய்தி.

இந்த 'எனக்குத் தெரியாது' என்ற பதில்தான் ஏற்பாடு முழுவதிலும் மிகச் சிறந்த அம்சம் என்று சொல்லத் தோன்றுகிறது. நல்ல கிளாஸ்களை அவை செய்யும் வேலையைக் கொண்டு மட்டுமல்ல, செய்ய மறுக்கும் வேலையைக் கொண்டும் அடையாளம் காணலாம்.

பைத்தானோடு வரும் 'டேட்' கிளாஸைப் பாருங்கள். 1950 ஜனவரி 26-இலிருந்து 1947 ஆகஸ்ட் 15-ஐக் கழித்தால் 895 நாள் என்று சொல்லும். சுதந்திரத்துக்கும் குடியரசுக்கும் இடைப்பட்ட காலம். அதே இரண்டு தேதிகளைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். தேதியோடு தேதியைக் கூட்டினால் வருவதற்கு ஒரு பெயரே கிடையாது. ஆனால் தேதியோடு பத்து நாளைக் கூட்டலாம். 'டெசிமல்' கிளாஸும் இப்படித்தான். சாதாரணப் பின்ன எண்களில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று வால் நீட்டும். டெசிமலில் கூட்டினால் சுத்தமாக 0.3. ஒன்றை டெசிமலாகவும் மற்றதைச் சாதாரணப் பின்னமாகவும் கொடுத்துக் கூட்டினால் முடியாது என்கிறது. துல்லியமான கணக்கில் துல்லியமற்றது ஒன்று சத்தமில்லாமல் கலந்துவிடக் கூடாது என்பதே எண்ணம்.

மறுக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதால் வந்த வினைக்கும் பைத்தானிலேயே உதாரணம் இருக்கிறது. எந்தப் பொருளையும் 'இஃப்' என்று கேட்டு உண்மையா பொய்யா என்று பார்க்கலாம். __பூல்__ என்ற மெத்தட் அதற்குப் பதில் சொல்லும். அது இல்லாவிட்டால் __லென்__-ஐக் கேட்டு, நீளம் பூச்சியமானால் பொய் என்று எடுத்துக்கொள்ளும். காலிப் பட்டியல் பொய் ஆவது இப்படித்தான். மணி நேரத்தைக் குறிக்கும் 'டைம்' கிளாஸை எழுதியவர்கள், நள்ளிரவு 12 மணி என்பது பூச்சியம், பூச்சியம் என்றால் பொய் என்று வைத்துவிட்டார்கள். நிரலர்கள் பலர் 'நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா' என்று பார்க்க வெறும் 'இஃப்' எழுதுவது வழக்கம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் நிரல், சரியாக நள்ளிரவு என்ற மதிப்பு வந்தால் மட்டும் 'நேரம் கொடுக்கப்படவே இல்லை' என்று நினைத்துக்கொள்ளும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தில் எழுதப்பட்ட நடத்தைதான் என்று சிலர் வாதாடினார்கள். கடைசியில் 2015-இல் வந்த பைத்தான் 3.5-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அறிவியல் கணக்குகளுக்கான 'நம்பை' லைப்ரரி இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. பல எண்கள் கொண்ட ஓர் அணியை 'இஃப்' என்று கேட்டால், 'எல்லாமே உண்மையா என்று கேட்கிறீர்களா, ஏதாவது ஒன்று உண்மையா என்று கேட்கிறீர்களா?' என்ற கருத்தில் பிழையை எழுப்பி நிறுத்திவிடும். இதே லைப்ரரியின் உலகத்திலிருந்துதான் ஒரு புதிய குறியே பைத்தானுக்கு வந்தது. அணிப் பெருக்கலுக்குத் தனிக் குறி வேண்டும் என்று நதானியல் ஸ்மித் எழுதிய முன்மொழிவு ஏற்கப்பட்டு, மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி பைத்தான் 3.5-இல் __மேட்மல்__ என்ற மெத்தடோடு சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறியைப் பைத்தானின் சொந்த எண்களோ பட்டியல்களோ எதுவுமே பயன்படுத்தவில்லை. முழுக்க முழுக்க வெளியார் எழுதும் கிளாஸ்களுக்காகவே சேர்க்கப்பட்ட குறி.

எல்லாக் குறியையும் மாற்ற முடியாது. 'அண்ட்', 'ஆர்', 'நாட்', 'இஸ்' ஆகிய நான்கும் பைத்தானின் கையிலேயே இருக்கின்றன. இன்னொரு சிறு பொறியும் உண்டு: ஸ்பெஷல் மெத்தடைக் கிளாஸுக்குள் எழுதாமல் தனிப் பொருளின் மேல் ஒட்டவைத்தால் லென் அதைக் கண்டுகொள்ளாது, தேடுவது கிளாஸில் மட்டும்தான்.

ஜாவாக்காரர்களின் பயத்துக்கு வருவோம். 2014-இல் பைத்தான் 3.4-ஓடு வந்த 'பாத்லிப்', கோப்புறைப் பெயர்களை வகுத்தல் குறியால் இணைக்கிறது. கோப்புறையை வகுப்பதாவது என்று முதலில் முகம் சுளித்தவர்கள்கூட, கோப்பு முகவரிகளில் ஏற்கெனவே அதே சாய்கோடுதான் இருக்கிறது என்பதால் பழகிவிட்டார்கள். படிப்பவர் மனத்தில் ஏற்கெனவே உள்ள பொருளோடு குறி ஒத்துப்போனால் அது நல்ல பயன்பாடு. வாடிக்கையாளர் ஒருவரையும் கடன் ரசீது ஒன்றையும் கூட்டல் குறியால் இணைத்தால் என்ன வரும் என்று எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துத் தெரியாது. அங்கே முழுப் பெயர் கொண்ட சாதாரண மெத்தடே மேல்.

தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்றுத்தருகிறது. கிளாஸை 'இனக்குழு' என்று சொல்லும் பாடத்தில், பொருள் பிறக்கும்போது ஓடும் __இனிட்__, அழியும்போது ஓடும் __டெல்__ இரண்டும் அறிமுகமாகின்றன. __டெல்__ எப்போது ஓடும் என்பதற்குப் பைத்தான் உத்தரவாதம் தருவதில்லை; அன்றாட நிரல்களில் அதற்கு அதிகம் வேலையும் இல்லை. கணினி ஆசிரியர்கள் அதற்குச் செலவிடும் வகுப்பில் பாதியை __லென்__, __ஈக்யூ__, __எல்டி__ மூன்றுக்கும் ஒதுக்கலாம். வகுப்பு வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து, அகராதி வரிசையில் அடுக்கும் ஒரு கிளாஸை எழுதிவரச் சொன்னால் ஆய்வகப் பயிற்சியாகவும் ஆகிவிடும்.